பின்னறைக்கு ஒரு பல்பு

ஜனவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் நம்புவேன். முழங்கால் எப்படி இருக்கிறது? முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்த கால், அதைக் குறை சொல்லவும் முடியாது.

உங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றி ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். "சண்டை எல்லாம் எல்லையிலதாம்மா, மாமா ஊருக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறான் மகன். கடைகளில் சாமான் கிடைப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். நிஜமா?

ஒரு விஷயம். மகனுக்கு வேறு நகரத்துக்கு மாற்றல். ஜூன் கடைசியில் கிளம்புகிறார்கள். அங்கே வீடு சின்னதாம். நேற்றுச் சாப்பிடும்போது கேட்டான். "அம்மா, எங்ககூட வர்றீங்களா, இல்ல மாமாகிட்ட போய் இருக்கீங்களா? உங்க இஷ்டம்." மருமகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஜூன் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும்.

அண்ணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. பின்னறை காலியாகத்தானே கிடக்கிறது? என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்கு வழி பார்க்கும்,
வாயாடி

*

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் இருபத்தோரு நாள் கப்பலில் அசைந்து வந்து சேர்ந்தது. என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முனகும்.

ரேடியோ பொய் சொல்லவில்லை. முதலில் சோப்பு மறைந்தது. தெருமுனைக் கடைக்காரரிடம் என்றைக்குக் கேட்டாலும் "நாளைக்கு வந்துடும் சார்" என்கிறார். அலமாரி காலியாகத் தெரிந்தால் அவருக்கு அவமானம். அதனால் வெறும் சோப்பு அட்டைப்பெட்டிகளை முகம் தெரிய அடுக்கி வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆசையாக உள்ளே போய்த் திரும்பி வருவார்கள். பழகியவர்கள் சிரிப்போம்.

சோப்பு வண்டி வரும் நாளில் விடிவதற்குள் வரிசை நின்றுவிடும். யார் முதலில் வந்தது என்று தினமும் சண்டை. போன வாரம் தையல்காரம்மா என் கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டாள். "மீட்டர் சார், உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நீங்களே நம்பர் போட்டு எழுதுங்க. உங்ககிட்ட யாரும் வம்பு பண்ண மாட்டாங்க." இப்போது வரிசைக்கு நான்தான் கணக்குப்பிள்ளை. எத்தனையோ வருஷமாக இவர்கள் வீட்டு வாசலில் நின்று எண் எழுதியிருக்கிறேன், ஒருத்தரும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது நான் தும்மினால் பத்துப் பேர் விசாரிக்கிறார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பின்னறை காலிதான். ஆனால் நீ இரண்டு வேளை தேய்த்துக் குளிக்கிறவள். சோப்பே இல்லாத ஊருக்கு வந்து என்ன செய்வாய்? யோசித்துக்கொள்.

உன் மகனையும் மருமகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாவரும் நலம். பேத்திக்கு மட்டும் இரண்டு நாள் சளி, இப்போது சரி. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுத்தேன் என்று பொய் எழுதாதே.

நீ கணக்குப்பிள்ளையானதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்று ஞாபகம் வந்தது. எல்லோரும் காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருகிறார்கள். வந்த பிறகு அவரவருக்குக் களைப்பு. இங்கே அலமாரியில் சோப்பு அடுக்கடுக்காக இருக்கிறது.

அதனால் பன்னிரண்டு சோப்பு பார்சல் போட்டிருக்கிறேன். ஆறு குளிக்க, ஆறு துவைக்க. நான் வந்தால்கூட ஆறு மாதம் தாங்கும். சோப்புப் பிரச்சினை தீர்ந்தது. இனி என்ன சொல்கிறாய்?

வாயாடி

*

மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். ஒத்தடம் கொடுத்தேன், சத்தியம்.

பார்சல் இன்னும் வரவில்லை. சுங்கத்தில் கிடக்கும். அதற்குள் இங்கே தீப்பெட்டி போய்விட்டது. சர்க்கரை, ஊசி, நூல், பேட்டரி, எல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போகிறது. தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு பற்றவைத்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் காகிதச் சுருளோடு நெருப்பு கேட்டு வந்து நிற்கிறார்கள்.

வரிசைக்குச் சட்டம் எழுதியிருக்கிறேன். கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஓர் ஆள். கல்லையோ பையையோ வைத்துவிட்டுப் போனால் அது ஆளாகாது. மூன்று முறை நம்பரைக் கூப்பிட்டும் வராவிட்டால் கடைசிக்குப் போக வேண்டும். போன வாரம் இன்னொன்று சேர்த்தேன். ஒருத்தர் வீட்டுப் பரணில் இரண்டு மூட்டை சர்க்கரை இருந்தது தெரிந்துபோயிற்று. ஆனாலும் மனுஷர் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். எனக்கு வந்ததே கோபம்! வீட்டில் இருப்பு வைத்திருக்கிறவர் வரிசையில் நிற்கக் கூடாது, நின்றால் மூன்று மாதத்துக்குப் பெயரை அடித்துவிட வேண்டும் என்று எழுதினேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எனக்கு அடுத்து நிற்பார். அவர் உரக்கப் படித்துவிட்டு, "சட்டம்னா இப்படி இருக்கணும் சார், ஓட்டையே இல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

இப்போது பல்புக்கும் தட்டுப்பாடு. என் வீட்டில் ஒரே ஒரு பல்பு. அதைத் துணியால் பிடித்துக் கழற்றி, சமையலறைக்கும் கூடத்துக்குமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். மீட்டர் ஓடவே மறந்துவிட்டது. பின்னறையில் ஹோல்டர் மட்டும் தொங்குகிறது. உனக்கோ இருட்டென்றால் பயம். எப்படி இருப்பாய்?

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமாக மட்டுமில்லை, குஷியாகவே இருக்கிறாய் என்று தெரிகிறது.

நான்கு பல்பு அனுப்பியிருக்கிறேன். என் கம்பளிச் சட்டையில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பெட்டிக்குள் பஞ்சடைத்து, வெளியே பெரிதாக 'உடையும்' என்று எழுதியிருக்கிறேன். மகன் பார்த்துவிட்டு, "அம்மா, மாமாவுக்கு விளக்குக் கடையே வச்சுக் குடுக்கப் போறீங்களா?" என்றான்.

அண்ணா, ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நீ சோப்பு இல்லை என்கிறாய், நான் சோப்பு அனுப்புகிறேன். பல்பு இல்லை என்கிறாய், பல்பு அனுப்புகிறேன். அடுத்து என்ன சொல்வாய், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பாயா? அதையும் அனுப்புவேன். நான் அனுப்புவது சோப்புக்காகவும் பல்புக்காகவும் இல்லை என்று உனக்கு இன்னும் விளங்கவில்லையா?

நான் வரட்டுமா, வேண்டாமா? அதைத்தான் கேட்கிறேன். இருட்டு, சோப்பு, சர்க்கரை எல்லாம் என் பாடு. இவர்கள் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் போன வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அது மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, ஏனென்றால் மூன்று நாளாக நான் யாரோடும் பேசியிருக்கவில்லை.

'வா' என்று ஒரு வார்த்தை எழுது. இல்லாவிட்டால் 'வேண்டாம்' என்று எழுது. ஜூன் பதினைந்து.

உன் தங்கை

*

மே 10

தங்கைக்கு,

நலம்.

உன் சோப்புப் பார்சல் வந்தது. எங்கே வந்தது தெரியுமா? தபால்காரருக்கு நான் எங்கே இருப்பேன் என்று தெரியும். வீட்டுக்குப் போகாமல் நேரே வரிசைக்கே கொண்டுவந்து, ஊரே பார்க்க என் கையில் கொடுத்தார். சுங்கத்தில் பிரித்துப் பார்த்து மூலையைக் கிழித்துவிட்டிருந்தார்கள். மூன்று மாதமாக நல்ல சோப்பை முகர்ந்து பார்க்காத ஜனம். வாசனை வரிசையின் கடைசி வரை போயிற்று.

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. தையல்காரம்மாதான் மெதுவாகக் கேட்டாள். "மீட்டர் சார், வீட்ல இவ்ளோ வச்சுக்கிட்டா எங்களோட நின்னீங்க?"

"இல்லம்மா, இப்பத்தான் வருது, தங்கச்சி அனுப்பினது" என்றேன்.

வாத்தியார் சுவரைக் காட்டினார். "இப்ப வீட்ல இருப்பு இருக்குல்ல சார். நீங்க எழுதினதுதானே."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். என் பெயரை என் கையாலேயே அடித்து, நோட்டை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம்.

உன்னை யார் அனுப்பச் சொன்னது? நான் கேட்டேனா? எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று இங்கே இருக்கிற எனக்குத் தெரியாதா? இனிமேல் எதையும் அனுப்பாதே. நீ இங்கே வந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. நீ மகனோடு இருப்பதுதான் நல்லது.

அண்ணன்

*

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தானே? இங்கே வெயில் அதிகம்.

போன கடிதத்தில் ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. பத்து சோப்பை வரிசைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நூல் வைத்துத் துண்டு துண்டாக அறுத்து வீட்டுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வாத்தியார் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. சட்டத்தைப் போட்டவனே வளைக்கச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

பல்புப் பார்சல் எப்படியோ சீக்கிரம் வந்துவிட்டது. மூன்று நொறுங்கிப்போயின. ஒன்று பிழைத்தது. அதைப் பின்னறையில் மாட்டியிருக்கிறேன். நன்றாக எரிகிறது.

காலையில் ஜன்னலில் இருந்து பார்த்தால் வரிசையின் கடைசிப் பத்துப் பேர் தெரிவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். முழங்கால் எப்படி?

மேலே இருப்பது எங்கள் புது விலாசம். இருபதாம் தேதியே வந்துவிட்டோம். பழைய வீட்டுக்கு வரும் தபாலை இங்கே திருப்பிவிடச் சொல்லி மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

உன் மே மாதக் கடிதம் ஜூன் மூன்றாம் தேதி கிடைத்தது. கோபத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியும். உன் கோபத்தை நான் பார்க்காததா? அதனால் மகனிடம் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். அடுத்த கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. பின்னறையில் பல்பு எரிகிறது என்று எழுதியிருந்தாய். எதற்காக எரிகிறது என்று எங்காவது எழுதியிருப்பாய் என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பதினைந்தாம் தேதி காலை, உங்களோடே வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

வருத்தமில்லை அண்ணா. கேட்டது நான், சொல்ல வேண்டியது நீ, அவ்வளவுதான். இனி இந்தப் பேச்சை எடுத்து உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வீடு நன்றாகவே இருக்கிறது. சின்னதாக ஒரு பால்கனி. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெருவே தெரியும். பேத்தியும் நானும் ஒரே அறை. மருமகள் எனக்கென்று தனியாக ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். நான் சந்தோஷமாக இருக்கிறேன். நீ கவலைப்படாதே.

தங்கை

*

ஜூலை 3

என் அன்புள்ள தங்கைக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா, என் மேல் கோபமா? கோபமாகவே இருக்கட்டும், உடம்பு நன்றாக இருந்தால் சரி.

சண்டை நின்றுவிட்டது. கேட்டிருப்பாய். பத்து நாளில் எல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டது. கடைக்காரர் வெறும் பெட்டிகளை எடுத்துவிட்டு நிஜச் சோப்பை அடுக்கியிருக்கிறார். என் மூன்று மாதம் முடிவதற்குள் வரிசையே முடிந்துவிட்டது.

நேற்றுச் சோப்பு வாங்கப் போனேன். "எத்தனை சார்?" என்றார். ஒன்று என்றேன். கொடுத்தார். வாங்கி வெளியே வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தையல்காரம்மா எதிரே வந்தாள். "நல்லாயிருக்கீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே நடந்துவிட்டாள். அவளுக்கு ஆயிரம் வேலை, நிற்க நேரம் ஏது? சுவரில் என் சட்டத்தின் மேல் புது விளம்பரம் ஒட்டியிருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் சோப்புக்காக வரிசையில் நிற்கவில்லை. ஊசிக்கும் நூலுக்கும்கூட நின்றேன், எனக்குத் தைக்கவா தெரியும்? காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது. பேச ஆள் இருந்தது. உன் அண்ணி போன பிறகு இந்த வீட்டில் என் குரலை நானே கேட்டது அந்தக் கடைக்குப் போய்வந்த நாள்களில்தான். தட்டுப்பாடு தீரக் கூடாது என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பாவிப் பயல் நான்.

நீ கேட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னேன். என்னை நம்பி வந்து நீ ஒரு கஷ்டம் பட்டால், அண்ணன் கூப்பிட்டுத்தானே வந்தேன் என்று ஆகிவிடுமே என்று பயம். மகன் வீட்டில் நிறைவாக இருக்கிறவளை என் தனிமைக்காக இழுத்துவருவதா என்று ரோஷம். இரண்டையும் சோப்பு, பல்பு என்று எழுதி அனுப்பினேன். தொண்டை கட்டிய கதையை நீ எழுதினாய். அதை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? படித்துவிட்டும் அப்படி ஒரு கடிதம் போட்டேன்.

ஜூன் பதினைந்து போய்விட்டது. இருந்தாலும் கேட்கிறேன். வா. பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். கப்பல் டிக்கெட் எடுத்ததும் தந்தி கொடு, துறைமுகத்தில் வந்து நிற்கிறேன். நீ வந்தால் எனக்கு நல்லது. எனக்கு நீ வேண்டும்.

உன் அண்ணன்

*

ஜூலை 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் ஜூன் மாதக் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று அறிந்து ரொம்ப சந்தோஷம். எனக்கும் குறையில்லை.

நீ எடுத்த முடிவுதான் சரி. இந்த வயதில் பிள்ளை வீட்டில் இருப்பதுதான் மரியாதை. பால்கனி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உனக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். பேத்தியும் உன்னோடு ஒரே அறையில். இதைவிட வேறென்ன வேண்டும்? நிம்மதியாக இரு.

உன் புது விலாசம் தெரியாமல் பழைய வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு வந்து சேரும். அதைப் பிரிக்காதே. உள்ளே ஒன்றுமில்லை, எல்லாம் கடைச் செய்திதான். சோப்பு வந்தது, சர்க்கரை வந்தது என்று வெட்டிக் கதை. பழைய செய்தியைப் படித்து நீ கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வந்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இங்கே எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், நம்புகிறேன்.

உனக்கு எல்லாம் கிடைக்கிறது என்று படித்ததும் எனக்கு நிம்மதி. இனி நீ தீப்பெட்டிக்கும் சர்க்கரைக்கும் அலைய வேண்டாம். வரிசைக்காரர்களும் பழைய கோபத்தை மறந்து உன்னோடு கலகலப்பாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உனக்கென்று நாலு பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

நீ சொன்ன கடிதம் நேற்றுத்தான் வந்தது. பழைய வீட்டுக்குப் போய், எங்கெங்கோ முத்திரை குத்திக்கொண்டு வந்திருக்கிறது. உறை நல்ல கனம். கடைச் செய்தியை இவ்வளவு நீளமாகவா எழுதுவாய்?

பிரிக்கவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை. நீ கைப்பட எழுதியதைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை.

பால்கனியைப் பற்றி எழுதினேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. தெரு தெரியும், தெருவில் போகிறவர்களை எனக்குத் தெரியாது. பேத்தி வளர்ந்துவிட்டாள், வந்ததும் புத்தகத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பகல் நீளமாக இருக்கிறது, அண்ணா. ஆனாலும் நாளை ஓட்டிவிடுகிறேன். ஓட்டவே முடியாத நாள் ஒன்று எப்படியும் வரும். அன்றைக்கு உன் கடிதத்தைப் பிரித்து, சோப்பு வந்த கதையையும் சர்க்கரை வந்த கதையையும் ஒரு வரி விடாமல் படிப்பேன். அதுவரை என் அலமாரித் தட்டில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

ஒத்தடம் கொடுத்துக்கொள்.

வாயாடி